குரல் கொடுப்பவன் கை வைக்கக் கூடாது

போன வாரம் நம் கம்பெனி ஆபீஸ் பக்கம் வந்தேன். உள்ளே புதுப் பையன்களுக்கு இன்டர்வியூ நடந்துகொண்டிருந்தது. என் மகன் ஒவ்வொருவனையும், "இந்த வேலைக்கு ஏன் வர்றீங்க?" என்று கேட்கிறான். ஒவ்வொருவனும், "சவாலான வேலை சார்", "கத்துக்கணும்னு ஆர்வம் சார்" என்கிறான். கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கால் பரபரத்தது. உள்ளே புகுந்து, "என்னைக் கேளுங்கடா" என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. யாரும் கேட்கவில்லை. அதனால் இங்கே வேலை பார்க்கிற உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வந்திறங்கிய பெரிய மெஷின்களில் பாதியாவது என் குரலுக்கு நகர்ந்தவை. இதில் பொய் கிடையாது, கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். இன்றைக்கு உங்களிடம் கிரேன் இருக்கிறது, தலைக்கு மஞ்சள் தொப்பி இருக்கிறது. எங்களிடம் கடப்பாரை, இரும்பு உருளை, பழைய ரயில் கட்டை, இழுக்க ஒரு செயின் பிளாக். அப்புறம் ஒரு குரல். அந்தக் குரல் நான்தான். என் மகள் இதைப் படித்துவிட்டு, "அப்பா, ரொம்பப் பெருமை அடிச்சுக்கிறீங்க" என்று சில வரிகளை அடித்தாள். அடித்ததை எல்லாம் திரும்ப எழுதிவிட்டேன்.

சரி, நான் ஏன் வந்தேன்? என்னால் ஒரே இடத்தில் நிற்க முடியாது. அதனால் வந்தேன்.

முதல் வேலை, கரையான்சாவடியில் டீக்கடையில் கிளாஸ் கழுவுவது. கடைக்கு எதிரே பஸ் நிற்கும். பூந்தமல்லிக்குப் போகிறவன், ஆவடிக்குப் போகிறவன், ஊரே எங்கேயோ போய்க்கொண்டிருக்க, நான் மட்டும் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பேன். ஒருநாள் கையில் இருந்த கிளாஸோடு பஸ்ஸில் ஏறிவிட்டேன். எங்கே போகிறது என்றுகூடப் பார்க்கவில்லை. கண்டக்டர் ஆவடியில் இறக்கிவிட்டார். அப்போதும் கிளாஸ் கையில்தான் இருந்தது.

அடுத்தது லாரி கிளீனர். இது பிடித்தது. ஆனால் லோடு கிடைக்காமல் பாடி பக்கம் ரோட்டில் வண்டியை ஓரம் கட்டிவிட்டால் நாள் கணக்கில் அங்கேயே கிடக்கும். டிரைவர் சீட்டில் படுத்துக் குறட்டை விடுவார். நான் லாரியைச் சுற்றிச் சுற்றி வருவேன். ஒருநாள் சுற்றிய வேகத்தில் அப்படியே வீட்டுக்கு நடந்துவிட்டேன்.

பிறகு எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டினேன். தகட்டை உள்ளே தள்ள வேண்டும், பெடலை மிதிக்க வேண்டும், வாஷர் விழும். திரும்பத் தள்ளு, திரும்ப மிதி. கையும் காலும் அங்கே இருக்கும். புத்தி பட்டாபிராம் ரயில்வே சைடிங்கில் மிலிட்டரி வண்டியைக் கூட்ஸில் ஏற்றுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். சூப்பர்வைசர் ஒரு நாள் மெஷினை நிறுத்திவிட்டு, "தம்பி, உன் விரலு போறதுக்குள்ள நீ போயிடு" என்றார். போய்விட்டேன். வாட்ச்மேன் வேலை ஒன்றும் பார்த்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. உட்காரச் சொன்னார்கள்.

என் அப்பா ஊரார் நிலத்தில் கூலிக்கு உழுதவர். எஸ்டேட் வந்த பிறகு இரும்பு வார்க்கிற ஒரு ஃபவுண்டரியில் மணல் சலித்தார். சேர்ந்த இடத்திலேயே கடைசிவரை சலித்தார். "இன்னாடா, நீ குந்துற எடத்துல எல்லாம் முள்ளு மொளைக்குதா?" என்பார். எனக்கும் அந்தக் கவலைதான். வேலை செய்யப் பயப்படுகிறவன் இல்லை நான். ரெண்டு ஆள் தூக்குவதை ஒருவனாகத் தூக்குவேன். இருந்தும் எங்கேயும் ஒட்டவில்லை. உங்களிலும் இப்படி ஒருவன் இருப்பான். அவனுக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

பட்டாபிராம் சர்ச்சில் பார்த்த ஸ்டெல்லாவை எனக்குக் கேட்கப் போனோம். அவளுடைய அண்ணன்தான் வீட்டில் பெரிய ஆள். மெஷின் இறக்குகிற கேங் ஒன்றை வைத்திருந்தார். பெயர் வேண்டாம். இன்னும் திடமாக இருக்கிறார், சண்டைக்கு வருவார். மச்சான் என்றே சொல்கிறேன்.

மச்சான் என்னை உட்காரச் சொல்லாமல் கேட்டார். "இன்னா வேல பாத்துகினு கீற?"

"இப்ப ஒண்ணும் இல்ல."

"இதுக்கு முன்ன?"

மறைக்காமல் வரிசையாகச் சொன்னேன். என் அப்பா பக்கத்தில் நெளிந்தார். மச்சான் சிரிக்க ஆரம்பித்தார். எஸ்டேட் சங்கு ஊதுவது மாதிரி ஒரு சிரிப்பு. "இத்தினி எடத்துல ஓடியாந்தவனா நீ? நம்ம வேலைக்குன்னே பொறந்திருக்கிற மாப்ளே. இங்க தினிக்கும் ஒரு எடம். இன்னிக்குப் பாடி, நாளிக்கு ஆவடி. நீ ஓடவே வாணாம், வேலையே ஓடும்."

என் வாழ்க்கையில் நான் தேறிய ஒரே இன்டர்வியூ அது. பொண்ணும் கிடைத்தது, வேலையும் கிடைத்தது.

முதல் மாதமே தெரிந்துவிட்டது, என் இடம் இதுதான். ஆனால் ஒன்று எரிச்சலாக இருந்தது. மச்சான் குரல் கொடுப்பார். "ஏ... போடு!" என்றால் எல்லாக் கடப்பாரையும் ஒன்றாக அடியில் போகும். "தள்ளு!" என்றால் எல்லாத் தோளும் ஒன்றாகத் தள்ளும். "நில்லு!" என்றால் மூச்சுகூட நிற்கும். சைட்டில் ஒரே குரல்தான். மெஷின் வாங்கிய முதலாளி கத்தலாம், இன்ஜினியர் கத்தலாம், எங்கள் காது திரும்பாது. இது சரி. எரிச்சல் என்னவென்றால், மச்சான் மெஷினைத் தொடவே மாட்டார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா நிற்பார்.

எங்கள் கேங்கில் செல்வம் என்று ஒருவன். பழைய ஆள், நல்ல வேலைக்காரன். வாய் மட்டும் கொஞ்சம் அதிகம். டீ குடிக்கும்போது அவனிடம், "நாம முதுகு ஒடிய தள்றோம், இவரு கல்யாண ஊட்டுல சம்பந்தி மாதிரி கையக் கட்டிகினு நிக்கிறாரு" என்றேன். மச்சான் எனக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறார்.

"வா மாப்ளே. அடுத்த மெஷினுக்கு நீ எம்பக்கத்துல நில்லு. கையப் பின்னாடி கட்டிக்கோ. வாயத் தொறக்காத. நின்னா போதும்."

நின்றேன். அதுவரை செய்த எந்த வேலையும் அவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை. உருளை மேல் போய்க்கொண்டிருந்த ஒரு லேத் மெஷின் லேசாக ஒதுங்கியது. என் கை தன்னால் அவிழ்ந்து போய் அதைப் பிடித்தது. கேங் முழுக்கச் சிரித்தது. "சம்பந்திக்குக் கை அரிக்குது!" என்றான் செல்வம்.

மச்சான் சிரிக்கவில்லை. "புடிச்சியே, அந்தாண்ட மூலை இன்னா ஆச்சுன்னு பாத்தியா?" என்றார். பார்க்கவில்லை. பிடித்த இடம் மட்டும்தான் தெரிந்தது. "கை வச்சவனுக்குக் கை வச்ச எடம்தான் கண்ணு. நாலு மூலையும் பாக்குறவன் ஒருத்தன் வோணும். அவனுக்குக் கையே இருக்கக் கூடாது."

பெரிய படிப்புப் படித்தவர்களும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு மெஷினுக்கும் மனதுக்குள் நானும் குரல் கொடுத்துப் பார்ப்பேன். மச்சான் "நில்லு" சொல்வதற்கு ஒரு கண் இமைப்புக்கு முன்னால் எனக்கு அது வந்துவிடும். அவருக்கும் அது தெரியும். நான் தலையைத் திருப்பும்போதே ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பார்.

இன்னொரு வார்த்தை உண்டு. விடு. நாங்கள் "உடு" என்போம். மெஷின் கைமீறிப் போகும்போது, அதைக் காப்பாற்றாதே, நீ தப்பித்துக்கொள் என்பதற்கான குரல். சைட்டில் அந்த வார்த்தையை விளையாட்டுக்குக்கூடச் சொல்ல மாட்டோம். கயிற்றை விடச் சொல்ல வேண்டுமென்றால்கூட "கயித்த எறக்கு" என்போம். "சரி உடுப்பா" என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் ஆளுக்கு ஒரு பக்கம் துப்பிவிட்டுத்தான் மறுபடி கடப்பாரையைத் தொடுவோம். மச்சானுக்கு அதில் ஒரு கர்வம். "நான் கொரலு குடுத்த நாள்ல இருந்து அந்த வார்த்த எங்கிட்டேர்ந்து வந்ததே கெடயாது" என்பார். அதனால் கேங்கில் யாரும் அதைக் காதால் கேட்டதில்லை. கேட்டால் உடம்பு என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் பழக்கம் இல்லை. அதில் இருந்த ஆபத்து எங்கள் யாருக்கும் அப்போது உறைக்கவில்லை.

பிறகு மச்சானுக்குத் தொண்டை போய்விட்டது. ஒரு மழைக்காலத்தில் கம்மிய குரல் திரும்பவே இல்லை. இனி கத்தினால் மொத்தமாகப் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். குரல் யாருக்கு? எல்லோரும் செல்வம் என்றுதான் நினைத்தோம், அவனும் நினைத்தான். மச்சான் என்னைக் காட்டினார்.

"தங்கச்சி புருசன்னா சும்மாவா" என்றான் செல்வம், எல்லோருக்கும் கேட்க.

மச்சான் கரகரத்த குரலில், "ஒரு மெஷினு பாப்போம். சரியில்லன்னா நீ எடுத்துக்கோ" என்றார்.

புரிகிறதா? அடுத்த மெஷினில் நான் சறுக்கினால் கேங் செல்வத்தோடு போய்விடும். குரல் போன மச்சான், கேங்கும் போய் வீட்டில் உட்கார வேண்டும். அதை வைத்துத்தான் என் மேல் பந்தயம் கட்டியிருந்தார். ஸ்டெல்லா, "ஊட்டுல கத்திப் பாரு, பழகிக்கும்" என்றாள். கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தார்.

அந்த மெஷின் ஒரு பவர் பிரஸ். எஸ்டேட்டின் பின் வரிசையில் புதிதாகத் தொடங்கிய ஒரு பட்டறைக்கு வந்தது. பிரஸ்ஸை ஓட்டியவனுக்குத் தெரியும், அதற்குத் தலைதான் கனம், கால் சின்னது. முதலாளி இளைஞர். அதுவரை இன்னொருவரிடம் வேலை செய்தவர், சொந்தமாக வாங்கிய முதல் மெஷின் அது. வாசலில் கோலம், மாலை, எலுமிச்சம்பழம். அவருடைய மனைவி ஆரத்தித் தட்டோடு நின்றார். முந்தின நாள் மழை.

லாரியின் பின்பக்கத்திலிருந்து தரைக்குச் சரிவாக ரயில் கட்டைகளை அடுக்கினோம். பின்னால் செயின் பிளாக்கில் பிடித்துக்கொண்டு பிரஸ்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவில் இறக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆட்கள் கடப்பாரையோடு. வலது பக்கம் மச்சான். குரல் போனபின் அவர் கடப்பாரை எடுத்திருந்தார். பக்கத்தில் செல்வம்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். "ஏ... போடு!" என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. பிரஸ் அசைந்தது. "தள்ளு! நில்லு!" பாதிச் சரிவு வரை வெண்ணெய் மாதிரி வந்தது. செல்வம்கூட என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினான்.

அப்போது வலது பக்கக் கட்டையின் அடி மண்ணுக்குள் இறங்குவதைப் பார்த்தேன். அங்கே மழைநீர் ஓடிய ஒரு பள்ளம், மேலே மண் போட்டு மூடியிருந்தது. யாருக்கும் தெரியாது. "நில்லு!" என்றேன். எல்லோரும் நின்றார்கள். கட்டை நிற்கவில்லை. பிரஸ்ஸின் தலை மச்சான் பக்கமாகச் சாயத் தொடங்கியது. அவசரமே இல்லாமல், தூக்கம் வந்தவன் தலை சாய்வது போல.

"புடி! புடி! எல்லாரும் புடி!" இது முதலாளியின் குரல். அவர் கத்தாமல் என்ன செய்வார்? கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கத்தினார். வலது பக்கம் இருந்தவர்கள் தோளைக் கொடுத்தார்கள். மச்சான் கடப்பாரையை ஊன்றி அதில் முழு உடம்பையும் வைத்தார். சாய்வது நின்ற மாதிரி இருந்தது. என் கை அவிழ்ந்தது. ஓடிப்போய் ஒரு தோள் கொடுத்தால் நின்றுவிடும் என்று உடம்பு முழுக்கச் சொன்னது.

ஓடவில்லை. நான் நின்ற இடத்திலிருந்து நாலு மூலையும் தெரிந்தது. வலது கட்டை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. தோள் கொடுத்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

"உடு!"

அந்த வார்த்தை அந்த இடத்தில் என்ன செய்தது என்று சொல்லத் தெரியவில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கிறார்கள், கையை எடுக்கவில்லை. "உடு! உடு!" செல்வம் முதலில் குதித்தான். மற்றவர்களும் விலகினார்கள். மச்சான் மட்டும் கடப்பாரையோடு நின்றார். பிரஸ் அவர் மேல் நின்றது என்றே சொல்ல வேண்டும். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். முடியும், முடியும் என்பது போல.

என் மனைவியின் அண்ணன். நான் அவர் எதிரில் பீடி பிடித்தது கிடையாது. "வாங்க, போங்க" தவிர ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

"உட்றா கய்தே! உட்றா!"

திடுக்கிட்டார். மெஷினுக்குத் திடுக்கிடாதவர், நான் கழுதை என்றதற்குத் திடுக்கிட்டார். கை தளர்ந்தது, பின்னால் விழுந்து புரண்டார். கடப்பாரை ஒரு பக்கம் பறந்தது. அவர் நின்ற இடத்தில் பிரஸ் படுத்தது. தரை அதிர்ந்ததில் ஆரத்தித் தட்டு கீழே விழுந்தது.

முதலாளி மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "ஏன் உடச் சொன்னே? நின்னுச்சே! நின்னுச்சே!" என்றார்.

செல்வம் துண்டை உதறினான். "நின்னிருக்கும்பா. எல்லாரும் தோள் குடுத்திருந்தா நின்னிருக்கும். நம்ம கேங்குல இத்தினி வருசமா வராத வார்த்த, மொத நாளே வந்துருச்சு." மச்சானைப் பார்த்துத் திரும்பினான். "அண்ணாத்தே, எடை உங்க கைலதான இருந்துச்சு. நீங்க சொல்லுங்க. நின்னிருக்குமா, நின்னிருக்காதா?"

எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். அவர் "நின்னிருக்கும்" என்றால் என் கதை அன்றோடு முடிந்தது. அவருடைய கர்வமும் கெடாமல் இருக்கும்.

மச்சான் சட்டையில் இருந்த சேற்றைத் தட்டினார். "இன்னா மாப்ளே, என்னைப் போயி 'டா' போட்டுட்ட?" என்றார். காற்று மாதிரி வந்தது குரல். நான் ஏதோ சொல்லப் போனேன். அவர் கேட்கவில்லை. தள்ளிக் கிடந்த கடப்பாரையை எடுத்து வந்து படுத்திருந்த பிரஸ்ஸின் அடியில் செருகினார். "இது இப்படியே படுத்துகினு இருக்கட்டுமா? தூக்கணும். கொரலு குடு."

ஒவ்வொருவராக வந்தார்கள். செல்வம் கடைசியாக வந்தான். "இந்த ஒரு மெஷினுக்கு மட்டும்தான்" என்று சொல்லிவிட்டுக் கடப்பாரையை அடியில் செருகினான். "ஏ... போடு!" என்றேன். குரல் உடைந்தது. மறுபடி சொன்னேன். பொழுது சாய்வதற்குள் பிரஸ்ஸை நிமிர்த்தி உள்ளே கொண்டுபோய் நிறுத்தினோம். ஷாஃப்ட் வளைந்திருந்தது. முதலாளி அதைப் பாடியில் ஒரு பட்டறையில் கொடுத்து நேராக்கி ஓட்டினார் என்று கேள்விப்பட்டேன். அந்த முதலாளி எங்களை மறுபடி கூப்பிடவே இல்லை. செல்வம் சொன்னபடியே போய்விட்டான், தனி கேங் வைத்தான், நன்றாக நடத்தினான். மற்றவர்கள் என்னோடு இருந்தார்கள். அப்படித்தான் இந்தக் கம்பெனி வந்தது.

என் கேங்கில் நான் ஒரு பழக்கத்தை மாற்றினேன். வேலை தொடங்கும் முன் வெறும் கட்டையை வைத்து, "உடு" சொல்லி எல்லோரையும் குதிக்க வைப்பேன். யாரும் துப்பக் கூடாது. முதலில் முகத்தைச் சுளித்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். நீங்கள் இன்றைக்கும் காலையில் அதைச் செய்கிறீர்கள். எதற்கு இந்தக் கூத்து என்று உங்களில் ஒருவன் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. இதற்குத்தான்.

நான் எதிலும் சந்தேகப்படாத ஆள். இந்த ஒன்றில் மட்டும் மனசு அடங்க மாட்டேன் என்கிறது. விழுந்த மெஷினைப் பார்த்து, விழாமல் இருந்திருக்குமா என்று யாரும் சொல்ல முடியாது. உங்களுக்கும் ஒரு நாள் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டி வரும். சொல்லிவிடுங்கள். சொன்னது சரியா என்று அப்புறம் யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள். அதோடுதான் தூங்கி எழ வேண்டும்.

மச்சானை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேட்பேன். ஒரு வருஷம், "நின்னிருக்கும்" என்பார். ஒரு வருஷம், "எங்க நிக்கிறது?" என்பார். பிரியாணி எப்படி அமைந்தது என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். போன கிறிஸ்துமஸுக்கும் கேட்டேன். பதில் சொல்லாமல் எழுந்து வந்தார். என்னையும் எழுந்து நிற்கச் சொன்னார். தன் தோளை என் தோளில் வைத்து, முழு உடம்பையும் சாய்த்தார். நானும் காலை ஊன்றித் தாங்கினேன். வயதானாலும் கல் மாதிரி மனுஷன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த ஸ்டெல்லா, "இன்னா பண்றீங்க ரெண்டு பேரும்?" என்றாள். இருவரும் நகரவில்லை.

"அன்னிக்கு பிரஸ்ஸு இவ்ளோ கனமா மச்சான்?" என்றேன்.

யோசித்தார். "இத்த விட கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.